வளவில் நிற்கும் பழைய காரை இரும்புக்குக் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அண்மையில் உங்கள் வாசகர் பக்கத்தில் களுவாஞ்சிகுடி அன்பர் ஒருவர், வளவுகளில் உக்கிக் கிடக்கும் பழைய வாகனங்களைப் பிரதேச சபைகள் அகற்ற வேண்டும், டெங்கு நுளம்பு அங்கேதான் பெருகுகிறது என்று எழுதியிருந்தார். நுளம்பைப் பற்றி அவர் சொன்னது முழுக்கச் சரி. தண்ணீர் தேங்கும் ரயரையும் தகரத்தையும் இன்றைக்கே கவிழ்த்துப்போட வேண்டும். ஆனால் கடிதத்தின் கடைசியில், பழைய அமெரிக்கக் கார்களைத் திருத்தி ஓடுவது கொழும்புப் பணக்காரரின் பொழுதுபோக்கு, போரிலும் கடலிலும் அடிபட்ட எங்களுக்கு அது எதற்கு என்றும் கேட்டிருந்தார். அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

நான் ஆரையம்பதியில் லேத் பட்டறை வைத்திருப்பவன். தண்ணீர்ப் பம்பின் தண்டு, லேண்ட்மாஸ்டரின் புஷ், அரிசி ஆலைச் சாமான், தோணி எஞ்சின் சாமான் என்று பகல் போய்விடும். பட்டறை பூட்டிய பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் 1951 ஆம் ஆண்டுப் பிளிமத் கிரான்புறூக் கார் ஒன்றில் வேலை செய்வேன். அந்தக் கார் இப்போது நன்றாக ஓடுகிறது. அதற்காக நான் காணி விற்கவில்லை, நகை அடகு வைக்கவில்லை. ஒரு மாதம் ஒரு பிறேக் சிலிண்டர், அடுத்த மாதம் ஒரு கஸ்கற் என்று கைக்கு எட்டியபடி செய்தேன். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாலும் ஒரு புது முச்சக்கர வண்டியின் விலை வராது.

கார் நின்றது மண்டூர்ப் பக்கம் ஒரு வளவில், கிடுகு மாலுக்குள். ஒரு பக்கம் நெல் மூட்டை, மறுபக்கம் கோழிக்கூடு. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் நின்றதால் கடற்காற்று அதைத் தின்னவில்லை. எழுவான்கரையில், கடல் இரைச்சல் கேட்கும் தூரத்தில் நின்றிருந்தால் அடிச்சட்டமான செசியே கறள் பிடித்து விழுந்திருக்கும். 1978 சூறாவளியில் அந்த மாலின் வளை முறிந்து காரின் கூரையில் விழுந்திருக்கிறது. போர்க் காலத்தில் யாரும் ஓட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்று வீட்டார் நாலு சக்கரத்தையும் காபரேற்றரையும் கழற்றி வேறு வேறு இடங்களில் ஒளித்து, காரின் மேல் வைக்கோலைப் போட்டு மூடியிருக்கிறார்கள். அப்படியெல்லாம் காப்பாற்றிய காரைப் பிள்ளைகள் வெளிநாடு போன பிறகு பழைய இரும்பு லொறிக்காரர் விலை பேசிவிட்டார். எஞ்சினைக் கழற்றி எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டி ஏற்றுவதாகச் சொல்லியிருந்தாராம். நான் தண்ணீர்ப் பம்பு வேலையாக அந்த வீட்டுக்குப் போயிராவிட்டால் அது அன்றோடு முடிந்திருக்கும்.

எங்கள் பக்கத்துக்கு அமெரிக்க வாகனத்தோடு பழைய உறவு இருக்கிறது என்பதை இளம் ஆட்கள் அறியமாட்டார்கள். 1961 வரை அம்பாறையும் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்தான் இருந்தது. அங்கே இங்கினியாகலையில் பட்டிப்பளை ஆற்றை மறித்து அணை கட்டும் வேலை 1949 இல் தொடங்கியபோது, அதை எடுத்துச் செய்தது மொறிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கொம்பனி. ஐடஹோ மாநிலத்துப் பொய்சி நகரத்துக் கொம்பனி அது. அமெரிக்காவின் ஹூவர் அணையைக் கட்டிய கூட்டிலும் அது இருந்தது. இன்றைக்குச் சேனாநாயக்க சமுத்திரம் என்று நாங்கள் சொல்வது அந்த அணை மறித்த தண்ணீரைத்தான். புல்டோசரும் லொறியும் ஜீப்புமாக அந்த வேலை நடந்தது. எங்கள் ஊர்ப் பெடியன்மார் பலர் முதன்முதலாகப் பெரிய எஞ்சினுக்குள் கைவிட்டது அங்கேதான்.

எனக்கு இந்த வேலையைச் சொல்லித் தந்த சாய்ந்தமருதுக் காக்காவின் வாப்பா அப்படி இங்கினியாகலைப் பட்டறையில் உதவியாளாக நின்று பழகியவர். காக்காவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. கண் கொஞ்சம் மங்கல். ஆனால் எஞ்சினின் மேல் ஒரு ஸ்குறூ ட்ரைவரை வைத்து, அதன் பிடியில் காதை வைத்தால் எந்த வால்வு சரியில்லை என்று சொல்லிவிடுவார். அவருக்குத் தெரிந்ததை எழுதி வைத்த புத்தகம் எதுவும் கிடையாது. அவர் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் உண்டு. பழைய கார்கள் எல்லாம் வெட்டுப்பட்டுப் போனால் அவர் எதைக் காட்டிச் சொல்லிக்கொடுப்பார்?

சக்கரம் கழற்றிய கதையை மட்டும் சொல்கிறேன். பிளிமத்தின் வலப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் வழமைபோலக் கழன்றுவிட்டன. இடப்பக்கம் அசையவில்லை. ஏற்கனவே யாரோ பைப் போட்டு நெம்பி இரண்டு போல்ற்றின் கழுத்தை முறித்திருந்தார்கள். காக்கா வந்து சாக்கை விரித்து இருந்து, போல்ற்றின் தலையைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு, "தம்பி, இந்த எழுத்தைப் பாருங்க" என்றார். கறளுக்குள் 'எல்' என்ற ஆங்கில எழுத்துத் தெரிந்தது. இடதுபுரி. வலமாகத் திருகினால்தான் கழரும். சக்கரம் சுழல்கிற சுழற்சியில் போல்ற் தானாகத் தளர்ந்துவிடக் கூடாது என்று பிளிமத்தைச் செய்த கிறைஸ்லர் கொம்பனியின் பொறியியலாளர்கள் தங்கள் கார்களின் இடப்பக்கத்துக்கு அப்படி வைத்தார்கள். 1970 ஆம் ஆண்டளவு வரை அந்தப் பழக்கம் இருந்தது. பிளிமத், டொட்ஜ், டி சோட்டோ எது உங்களிடம் இருந்தாலும் இடப்பக்கச் சக்கரத்தில் பலத்தைக் காட்டுவதற்கு முன் அந்த எழுத்தைத் தேடிப் பாருங்கள்.

முறிந்த போல்ற்றுக்குப் பதில் போல்ற் எந்தக் கடையிலும் இல்லை. அரை அங்குலத் தடிப்பு, அங்குலத்துக்கு 20 புரி, அதுவும் இடதுபுரி. பழைய லொறி அக்சில் துண்டு ஒன்றை எடுத்து லேத்தில் நானே கடைந்தேன். இடதுபுரி வெட்டும்போது கத்தியை நகர்த்தும் லீட் ஸ்குறூவை மறுபக்கமாக ஓடவிட்டு, கத்தியை, இரும்பைப் பிடித்திருக்கும் சக்கின் பக்கத்திலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும். தொடங்குகிற இடத்தில் கத்தி இறங்குவதற்கு முதலே ஒரு பள்ளம் வெட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கத்தி முனை தெறித்துவிடும். பட்டறைக்கு வேலை பழக வருகிற தாழங்குடாப் பெடியன் ஒருவன் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, மூன்றாவது போல்ற்றைத் தானே வெட்டினான். நான் வெட்டியதைவிடச் சுத்தமாக இருந்தது. அந்தப் போல்ற்தான் இன்றைக்கும் இடப்பக்க முன் சக்கரத்தில் இருக்கிறது.

பின் சக்கரத்து பிறேக் டிரம் வேறு விதமான பிடிவாதம். கூம்பாகக் கடைந்த அக்சில் முனையில் அது இறுகி உட்கார்ந்திருக்கும். சுத்தியலால் அடித்து எடுக்கலாம் என்று நினைக்கவே கூடாது, உள்ளே இருக்கிற பெயரிங்குக்கு அடி போய்விடும். தடித்த தகட்டில் இழுவை ஒன்று செய்து, அக்சில் நட்டைக் கழற்றாமல் சில புரி தளர்த்தி மட்டும் விட்டு, இழுவையை இறுக்கி இரவு முழுக்க வைத்தோம். விடியப்புறம் வெடிச் சத்தத்தோடு டிரம் விட்டுக்கொடுத்தது. நட் இல்லாமல் இருந்திருந்தால் டிரம் பாய்ந்து யாருடைய காலையோ பதம் பார்த்திருக்கும்.

எஞ்சினுக்கு வருவோம். இது ஆறு சிலிண்டர் எஞ்சின். வால்வுகள் மேல்மூடியான ஹெட்டில் இல்லாமல் பக்கவாட்டில் பிளொக்குக்குள் நிற்கும். நீண்ட காலம் நின்ற இப்படியான எஞ்சினில் பற்றறியைப் பூட்டிச் செல்ப் அடித்துப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்வது. தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். பிளக்குகளைக் கழற்றி, டீசலும் ஒயிலும் கலந்து ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் விட்டு, ஒரு கிழமை பொறுத்து, முன் புல்லியில் சாவியைப் போட்டுக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். எங்களுடையது கால் சுற்று வந்து நின்றது. ஹெட்டைத் திறந்தபோது இரண்டு வால்வு திறந்தபடியே இறுகிப்போயிருந்தன. சுத்தியல் பிடியின் மரமுனையால் தட்டித் தட்டி, ஒயில் விட்டு விட்டு அவற்றை இறக்கினோம். ஒன்றும் உடையவில்லை.

ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் இடையில் வைக்கும் ஹெட் கஸ்கற்றை வாங்கும்போது ஒரு விடயத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் செய்த பிளிமத்தின் எஞ்சின் ஹெட் ஏறத்தாழ 23 அங்குல நீளம். கனடாவின் வின்ட்சர் நகரத்தில் செய்த எஞ்சினுக்கு 25 அங்குலம். எங்கள் நாட்டைப் போல வீதியின் இடப்பக்கம் ஓடும் நாடுகளுக்கு வலப்பக்க ஸ்டியரிங் வைத்த அமெரிக்கக் கார்கள் பல கனடாவில் இருந்துதான் வந்தன. ஆகவே, புத்தகத்தில் பிளிமத் என்று பார்த்துவிட்டு அமெரிக்கக் கஸ்கற்றுக்குக் காசு கட்டாதீர்கள். முதலில் அடிமட்டத்தை வைத்து அளந்து பாருங்கள். எங்களுடையது 25 அங்குலம், 218 கன அங்குலக் கொள்ளளவு. அதாவது மூன்றரை லீற்றருக்குச் சற்று மேல்.

இந்த எஞ்சினைக் கொல்லும் இன்னொரு சாமான் வெளியே தெரியாது. தண்ணீர்ப் பம்பைக் கழற்றினால் அதற்குப் பின்னால், பிளொக்கின் உள்ளே பின்பக்கம் வரை போகிற நீண்ட தகரக் குழாய் ஒன்று இருக்கும். குளிர்ந்த தண்ணீரை ஒவ்வொரு வால்வுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது அதுதான். அது கறளில் உக்கிப்போனால் முன் சிலிண்டர்கள் குளிர்ந்திருக்க, பின் சிலிண்டர்கள் வெந்துபோகும். றேடியேற்றரைக் கழுவு, பம்பை மாற்று என்று காசைக் கொட்டினாலும் சூடு குறையாது. கொக்கி வளைத்த கம்பியால் அந்தக் குழாயைத் துண்டு துண்டாக இழுத்து எடுத்தோம். துண்டுகளைப் பட்டறை மேசையில் ஒழுங்காக அடுக்கி, துவாரம் எங்கெங்கே என்று அளந்து, பித்தளைத் தகட்டில் புதிதாக மடித்துச் செய்தேன். இனி அது கறள் பிடிக்காது. சித்திரை வெயிலில் கல்முனைக்குப் போய் வந்தாலும் தண்ணீர் கொதிப்பதில்லை.

பொடி வேலையை அக்கரைப்பற்று டிங்கர்காரர் செய்தார். கோழி எச்சம் தின்ற தரையை வெட்டி, ஒயில் பீப்பாத் தகட்டை அடித்து ஒட்டினார். புட்டியை அப்பி மறைக்கிற வேலையே அவரிடம் கிடையாது. பெயின்ற் பழைய நீல நிறம்தான். ஆசனத்துக்கடியில் வெயில் படாமல் இருந்த இடத்தில் அந்த நிறத்தைப் பார்த்துக் கலந்தோம்.

இவ்வளவையும் ஏன் விரிவாக எழுதுகிறேன் என்றால், இதில் எந்த வேலைக்கும் கொழும்பு தேவைப்படவில்லை என்று காட்டத்தான். கஸ்கற்றும் ரப்பர் சாமானும் மட்டும் வெளியிலிருந்து வந்தன. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் செவர்லட்டுக்கும் போர்ட்டுக்கும் அடுத்ததாக விற்ற கார் பிளிமத். அதனால் கொம்பனி 2001 இல் அந்தப் பெயரையே நிறுத்திவிட்ட பிறகும் சாமான் செய்பவர்கள் இருக்கிறார்கள். மற்றதெல்லாம் ஆரையம்பதியும் சாய்ந்தமருதும் அக்கரைப்பற்றும் சேர்ந்து செய்தவை. தமிழ், முஸ்லிம் என்று பார்க்காமல் ஒரே பொனற்றுக்குள் தலையை விட்டு நின்ற பின்னேரங்களை நான் பெரிதாக மதிக்கிறேன். எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் அப்படியான இடம் எவ்வளவு அருமை என்று உங்களுக்கும் தெரியும்.

பெற்றோல் வீண் என்பார்கள். லீற்றருக்கு ஆறேழு கிலோமீற்றர்தான் ஓடும், உண்மை. 2022 தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டைக்குக் கிழமைக்கு 20 லீற்றர் தந்த நாட்களில் நான் அதை மாலிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. இப்போதும் மாதத்தில் இரண்டொரு ஞாயிறுதான். காத்தான்குடிப் பேரீச்சை மரங்களைத் தாண்டி, கல்லடிப் பாலம் ஏறி, புளியந்தீவுக் கோட்டை வரை போய் வருவோம். புதுப் பாலத்தில் போகும்போது பக்கத்தில் 1924 இல் கட்டிய பழைய இரும்புப் பாலம் தெரியும். மூன்று கியர், கியர்க் கம்பி ஸ்டியரிங்கின் கழுத்தில். முன் ஆசனம் ஒரே பலகை போல நீளம், மூன்று பேர் தாராளமாக இருக்கலாம். நிற்கும்போது எஞ்சின் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று வெளியே நிற்பவர் கேட்பார்கள், அவ்வளவு மெதுவான சத்தம். பொனற் முனையில் ஒரு பாய்க்கப்பல் உருவம் இருக்கிறது. 1620 இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவின் பிளிமத்துக்குப் போன மேஃபிளவர் கப்பல் அது. பள்ளிப் பிள்ளைகள் கப்பல் கார் என்றுதான் சொல்கிறார்கள். கல்யாணத்துக்கும் கேட்கிறார்கள், மகிழ்ச்சியோடு கொடுக்கிறேன். பெயின்றில் ரேப் ஒட்டிப் பூ வைக்க மட்டும் விடுவதில்லை.

களுவாஞ்சிகுடி அன்பருக்கும் மற்ற வாசகர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். வளவில் பழைய அமெரிக்கக் காரோ ஜீப்போ நின்றால் அதைத் துண்டு துண்டாக விற்காதீர்கள். வைத்திருக்க முடியாவிட்டால் முழுதாகத் திருத்துபவர் ஒருவருக்குக் கொடுங்கள். முக்கியமாக, பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். அலுமாரித் தட்டின் கடதாசிக்கு அடியில், காணி உறுதிகளோடு, பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் அதில் எழுதியிருக்கும். பிளிமத்தில் எஞ்சின் இலக்கம் பிளொக்கின் இடப்பக்கம், டைனமோவுக்கு மேலே வெட்டியிருக்கும். இரும்புக்காரர் எஞ்சினைக் கொண்டுபோனால் புத்தகமும் காரும் பொருந்தாமல் போகும். அப்புறம் திருத்த நினைப்பவரும் பயந்து விலகிவிடுவார். இலக்கத் தகட்டையும் விடாதீர்கள். என் காருக்கு இரண்டு ஆங்கில எழுத்தில் தொடங்கும் பழைய இலக்கம். தமிழரசுக் கட்சி எதிர்த்துப் போராடிய அந்தச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து 1957 இல் தகட்டுக்கு வருவதற்கு முந்தியது.

ஜீப் நின்றால் முன் கிறிலில் எத்தனை நீட்டுத் துவாரம் என்று எண்ணுங்கள். ஒன்பது என்றால் இரண்டாம் உலகப் போருக்காகச் செய்தது. ஏழு என்றால் போருக்குப் பிறகு பொதுமக்களுக்கு வில்லிஸ் கொம்பனி செய்தது. போல்ற் தலைகளில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அந்தப் போர் ஜீப்பைச் செய்தது போர்ட் கொம்பனி. எண்ணிப் பார்க்காமல் கொடுத்துவிட்டுப் பிறகு கவலைப்பட்டவர்களை எனக்குத் தெரியும். ஜப்பான் டீசல் எஞ்சின் ஏற்றிய ஜீப்புகள் எங்கள் பக்கம் நிறைய. வயலுக்குப் போக வேண்டும், பெற்றோல் விலை தாங்காது என்று அந்தக் காலத்தில் செய்ததைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கழற்றிய பழைய எஞ்சின் மாலின் மூலையில் கிடந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். இன்னொருவர் அதைத் தேடிக்கொண்டிருப்பார்.

நுளம்புக்கும் வழி இருக்கிறது. ரயர்களைக் கழற்றிக் கூரைக்குக் கீழே வையுங்கள், காரைக் கல்லில் உயர்த்துங்கள், கதவு ஓட்டைகளையும் பிளக் குழிகளையும் அடையுங்கள், மேலே தகரம் போடுங்கள். ஒரு நாள் வேலை. பிரதேச சபை லொறி வர வேண்டியதில்லை.

கடைசியாக என்னுடைய ஒரு தேவையையும் எழுதிவிடுகிறேன். என் காரின் இடப்பக்கப் பின்விளக்குக்குச் சிவப்புக் கண்ணாடி இன்னும் கிடைக்கவில்லை. 1951, 1952 இரண்டு ஆண்டுக் கிரான்புறூக்குக்கும் ஒரே விளக்குத்தான். கார் போய்விட்டாலும் விளக்கு மட்டும் பரணில் கிடக்கிற வீடுகள் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ திருக்கோவிலிலோ இருக்கும். இருந்தால் உங்கள் அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதிப்போடச் சொல்லுங்கள். நான் வந்து பார்த்து நியாயமான விலை தருவேன். வெடித்திருந்தாலும் பரவாயில்லை, அச்செடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரன்,
ஆரையம்பதி.